இல்லாத ஞாயிறு

நான் பார்த்த வரையில் புருஷனும் பொண்டாட்டியும் எல்லா வேலையையும் சரிபாதியாகச் செய்த வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டைக் கண்டால் எனக்குப் பயம்.

இதை வெளியில் சொன்னால் ஹாலிஎலயில் எங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள். போன மாதம் பதுளையிலிருந்து ஒரு மிஸ் வந்து எங்களை வட்டமாக உட்கார வைத்தார். "உங்களுக்குத் தெரிஞ்ச வீடுகள்ல கணவனும் மனைவியும் வேலைய சமமா பங்கு போட்டுச் செய்யிற வீடு இருக்கா? அவங்க ஏன் அப்படி இருக்காங்க?" என்று கேட்டார். ஒருத்தி அன்பு என்றாள். ஒருத்தி படிப்பு என்றாள். இன்னொருத்தி, "அது மாமியா இல்லாத வீடா இருக்கும் மிஸ்" என்று சொல்ல, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். என் முறை வந்தபோது "தெரியல மிஸ்" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். தெரியும். சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்யாணமாகி நான் போனது லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. வரிசையாகப் பத்துக் காம்பிரா, குடும்பத்துக்கு ஓர் அறை, கொண்ட பழைய லயம். ஒரு குடும்பத்துக்கும் அடுத்த குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். பக்கத்து வீட்டில் கரண்டி விழுந்தால் நான் என் வீட்டில் குனிந்து தேடுவேன். அவ்வளவு நெருக்கம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான், நான் அக்கா என்று கூப்பிட்டவள் இருந்தாள்.

முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு. பேசும்போது அவள் கண் நம் முகத்தில் நிற்காது. நமக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பார்க்கும், வானத்தைப் பார்க்கும், பாதையைப் பார்க்கும், மறுபடியும் பிள்ளைகளிடம் வந்துவிடும். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து.

நான் போன மறுநாள் காலையில் குடத்தோடு வெளியே வந்தபோது, முன்திண்ணையான இஸ்தோப்பில் அக்காவின் வீட்டுக்கார அண்ணன் குந்தியிருந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். முற்றத்தில் அக்கா கோடரியால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாள் பார்த்தால் அவள் ரொட்டி தட்டுகிறாள், அவர் விறகு பிளக்கிறார். அதற்கு அடுத்த நாள் மறுபடியும் அவர் கையில் மாவு. மலைத்தண்ணீர் வரும் பீலியில் குடம் பிடிப்பது, துணி துவைப்பது, மகளுக்குத் தலை பின்னுவது, சின்னவனைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பிராவில் கொண்டுபோய் விடுவது எல்லாமே ஒரு நாள் அவர், ஒரு நாள் அவள். தப்பாது.

தோட்டத்தில் இது சாதாரணக் காட்சி இல்லை. ஆம்பளைகளுக்குப் பகலோடு வேலை முடிந்துவிடும். பெண்கள் மாலை வரைக்கும் கொழுந்து பறித்து, வரும் வழியில் விறகு பொறுக்கி, வந்து அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் வரைக்கும் ஆண்கள் கேரம் போர்டைச் சுற்றி நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் அண்ணனை ஒரு நாளும் பார்க்க முடியாது. அவர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போவார். "அப்படியே ஒரு சேலையையும் சுத்திக்க வேண்டியதுதானே" என்று யாராவது கத்துவார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். உண்மையில் நல்ல சிரிப்பு. அந்த வீட்டில் சிரிக்கத் தெரிந்தது அவருக்கு மட்டும்தான்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஃபெக்டரியில் வேலை. ஆனால் தேத்தண்ணிக் கோப்பையைக் குடித்த இடத்திலேயே வைப்பார். அது தானாக எழுந்து போய்க் கழுவிக்கொள்ளும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. "பக்கத்து வீட்ட பாருங்க" என்று நான் ஆரம்பித்தாலே, "அவனப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கு" என்பார்.

பெரட்டுக்களத்தில் நடந்த ஒன்று நினைவிருக்கிறது. காலையில் பெயர் கூப்பிட்டு ஆட்களை எந்தெந்த மலைக்கு அனுப்புவது என்று பிரிக்கும் இடம் அது. அண்ணன் தன்னையும் கொழுந்து பறிக்கப் போடச் சொல்லிக் கேட்டிருந்தார். கங்காணிக்கு அதிலேயே பாதிச் சிரிப்பு. "சரிப்பா, ஒம் பொண்டாட்டி போற மலைக்கே ஒன்னையும் போடுறேன். ஒண்ணா போயி ஒண்ணா வாங்க" என்றார்.

"வேணாங்க. வேற மலைக்குப் போடுங்க."

"ஏன், வீட்டுல சண்டையா?"

"இல்லைங்க. குளவி கொட்டுனா ஒருத்தரத்தான் கொட்டணும்."

பெரட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், வரிசையில் நின்ற அக்கா சிரிக்கவில்லை. கங்காணி அவர் பெயரை வேறு மலையில் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுதியதும்தான் மூச்சு விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி இனிச் சொல்லாமல் முடியாது.

அப்போது எனக்கு மூன்று மாதம். வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல், கொஞ்சம் ஊறுகாய் கேட்கலாம் என்று அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா இஸ்தோப்பில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் கட்டியிருந்தாள். "அக்கா, ஊறுகா இருக்கா?" என்றேன். பதில் இல்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. கோபமாக இருக்கிறாளோ என்று இன்னொரு தடவை கூப்பிட்டேன். உள்ளேயிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் அடுப்புப் புகை.

"அவ இன்னைக்கு இல்ல தங்கச்சி. என்ன வேணும்?"

நான் அக்காவைப் பார்த்தேன். இதோ இருக்கிறாள். மூச்சு விடுகிறாள். சேலை முந்தானை காற்றில் ஆடுகிறது. "இல்லன்னா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா இல்லதான். ஞாயித்துக்கெழம மொற. இந்த வாரம் அவ, அடுத்த வாரம் நான்" என்று சொல்லிவிட்டு, ஊறுகாய்ப் போத்தல் எங்கே என்று தேட உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் முற்றத்தில் தடுக்கி விழுந்தான். முழங்கால் கிழிந்து இரத்தம். "அம்மா" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தவன், அவள் மடிக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டான். தொடவில்லை. அவளும் தொடவில்லை. நேராக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் வந்து அவன் கையைப் பிடித்து, "அம்மா இல்லடா. அப்பாகிட்ட போ" என்று இழுத்துக்கொண்டு போனாள். எட்டு வயதுப் பிள்ளை, சாதாரணமாகச் சொன்னாள்.

"அக்கா, புள்ள அழுவுது!" என்று நான் கத்தினேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. கால் விரல்கள் சிமெந்துத் தரையைப் பிறாண்டின. கட்டிய கை அவிழவில்லை. ஊறுகாய் வாங்காமலே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று முழுக்க சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தமும் அண்ணனின் சத்தமும்தான் கேட்டன. அவள் சத்தம் இல்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் 'இல்லை'. அதே பெட்டியில் அவர் உட்கார்ந்திருந்தார். அக்கா சமைத்தாள், துவைத்தாள், மரக்கறிப் பாத்தி கொத்தினாள், கூரையில் ஏறி நகர்ந்த தகரத்துக்குக் கல் வைத்தாள். மூத்தவளின் பள்ளிக்கூட விஷயமாகக் கணக்கப்பிள்ளையிடம் கடிதம் கேட்டு வந்தவளும் அவள்தான். அண்ணனுக்கு அது பாதி விளையாட்டு. அவள் கூரையிலிருந்து இறங்கக் கால் தடுமாறியபோது, "இடது பக்கம், இடது பக்கம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் இறங்கி வந்து அவர் முன்னால் நின்றாள். "செத்தவங்க பேசுவாங்களா? அடுத்த வாரமும் நீங்கதான்" என்றாள். அவர் என்னைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லயத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள். மனநிலை சரியில்லை என்றார்கள். "சும்மா கெடக்குற சாவக் கூப்பிட்டு இஸ்தோப்புல ஒக்கார வைக்கிறா" என்று எங்களைப் பார்க்க வந்திருந்த என் மாமியார் சொன்னது மட்டும் என் மனதில் தங்கிவிட்டது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றும் சொன்னார். நான் போகவில்லை. ஆனால் கூரைக்கு எட்டாத சுவர் அது. சின்னவன் "அம்மா" என்பதும் அதற்குப் பதில் வராததும் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். காதைப் பொத்திக்கொள்வேன்.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் பீலியில் அவளும் நானும் மட்டும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? புள்ளைங்க பாவமில்லையா?" என்று கேட்டே விட்டேன்.

அவள் துணியை அலசிக்கொண்டே சொன்னாள். "எங்கம்மா செத்தப்ப எனக்கு எட்டு வயசு தங்கச்சி. தம்பிக்கு அஞ்சு."

அவளுடைய பிள்ளைகளின் வயதும் அதுதான் என்று எனக்கு உடனே உறைத்தது.

"எங்கப்பா நல்ல மனுசன். குடிக்க மாட்டாரு, அடிக்க மாட்டாரு. ஒல வைக்கத் தெரியாது. அவ்வளவுதான். கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுல சோறு குடுத்தாங்க. எத்தன நாளைக்குக் குடுப்பாங்க, அவங்களுக்கும் புள்ளைங்க இருக்குல்ல. அப்புறம் ஒருநாள் அப்பாவே சோறாக்குனாரு. அடி புடிச்சிருச்சு. அந்தச் சட்டிய மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்து அழுதாரு. அந்த வாரமே ஒரு ஆளு வந்து எங்க ரெண்டு பேரையும் கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. என்னைய ஒரு வீட்டுல விட்டாங்க வேல செய்ய. தம்பிய வேற வீட்டுல."

"அப்பா பாக்க வரலியா?"

"ரெண்டு தடவ வந்தாரு. அப்புறம் வரல. பதினாறு வயசுல நானே தம்பியத் தேடிக்கிட்டுப் போனேன். கேட்டுக்குப் பக்கத்துல நின்னு கூப்பிட்டேன். அவனுக்குத் தமிழ் மறந்துபோச்சு. என்னையப் பாத்து யாரு இதுன்னு அந்த வீட்டு எசமானியம்மா நோனாகிட்ட சிங்களத்துல கேட்டான்."

துணியை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"ஒரு சட்டி சோறு தங்கச்சி. அது மட்டும் அவருக்குத் தெரிஞ்சிருந்தா நாங்க வீட்டுல இருந்திருப்போம். என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப இவருகிட்ட கேட்டேன், ஒங்களுக்குச் சோறாக்கத் தெரியுமான்னு. தெரியாதுன்னாரு. படிச்சிக்குவீங்களான்னு கேட்டேன். சரின்னாரு. அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன். நான் போனா இவரு புள்ளைங்கள யாருக்கும் தூக்கிக் குடுத்துறக்கூடாது."

"அப்ப அவரு வேலையெல்லாம் நீங்க எதுக்குப் படிக்கிறீங்க?"

"அவரு போயிட்டா? நானும் எங்கப்பா மாதிரி சட்டிய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா?"

அன்று மாலை என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, "பிரசவத்துல நான் செத்துட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டுப் போனார். பிறகு யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். "அம்மாவ வரச் சொல்லுவேன்" என்றார். தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் பயம் எனக்கும் தொற்றிவிட்டது. அதற்குப் பிறகு பிள்ளை பிறக்கும் வரைக்கும் நான் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றதில்லை.

ஆண்டவன் புண்ணியத்தில் பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆனபோது ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாளாக வெயிலே இல்லை. பெரட்டும் இல்லை. மலைப்பக்கம் சின்னச் சத்தம் கேட்டாலும் லயத்தில் எல்லோரும் வெளியே வந்து மேலே பார்ப்போம்.

ஒரு செவ்வாய்க்கிழமை. சின்னவனுக்கு நெஞ்சுச் சளி. பாணி மருந்து வாங்க அண்ணன் லுணுகலைக்குப் போனார். காலை பத்து மணிக்கு ஓர் ஆட்டோவில் ஏறியதை நானே பார்த்தேன். மதியம் ஒரு மணி போல, தோட்டத்தின் கீழ் டிவிசன் ஆள் ஒருவர் நனைந்து ஓடி வந்தார். ரோட்டு வளைவில் மண் சரிந்துவிட்டது, டவுனிலிருந்து திரும்பி வந்த ஆட்டோ மண்ணுக்குள்ளே போய்விட்டது என்றார். எந்த ஆட்டோ என்று கேட்டோம். அண்ணன் போன அதே ஆட்டோ. போனில் யாருக்கும் சிக்னல் இல்லை. என் வீட்டுக்காரரும் மற்ற ஆம்பளைகளும் மண்வெட்டி, அலவாங்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் அக்கா வீட்டு முற்றத்தில் கூடி மாரடித்து அழத் தொடங்கினார்கள்.

அக்கா அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "டவுனுக்குப் போற ரோடு முழுசா மூடியிருக்கா?" ஆமாம் என்றார் வந்தவர். அவள் உள்ளே போனாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் மயங்கி விழுவாள், பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன்.

அவள் அடுப்பை மூட்டினாள். ஈர விறகை மேலே அடுக்கிக் காயவிட்டாள். அரிசி களைந்து உலையில் போட்டாள். மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தலை பின்னினாள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பொலித்தீன் பையில் போட்டுச் சுற்றிக் கட்டினாள். ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கை பதறவில்லை. வெளியே பத்துப் பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், உள்ளே சோறு கொதிக்கிறது. சாவை விட அவளுடைய அந்த நிதானத்துக்குத்தான் நான் பயந்தேன்.

சின்னவன் இருமிக்கொண்டே மூத்தவளிடம் கேட்டான். "அக்கா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?"

மூத்தவள் தாயைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "இன்னைக்குச் செவ்வாக்கெழம. ஆனா அப்பா இல்ல."

அவன் தலையாட்டினான். அதற்கு மேல் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "தங்கச்சி, பெரட்டு தொடங்குனதும் நான் காலையில வெள்ளன போவேன். பிள்ளக்காம்பிரா தொறக்குற வரைக்கும் சின்னவன அரை மணி நேரம் பாத்துக்குவியா?"

இன்னும் மண்ணைக்கூடத் தோண்டி முடிக்கவில்லை. நான் என் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தேன். "பாத்துக்குறேன்க்கா" என்று சொன்னேனா, தலையை மட்டும் ஆட்டினேனா, நினைவில்லை.

நான்கரை மணி இருக்கும். முற்றத்தில் அழுகை சட்டென்று நின்றது. வெளியே வந்து பார்த்தோம். மேல் மலைத் தேயிலைக்கு நடுவே, இடுப்பு வரைக்கும் சேறாக, ஒருவர் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் மருந்துப் பை. அண்ணன்தான்.

டவுனிலிருந்து வரும்போது, வளைவுக்கு முன்னாலேயே ஆட்டோவின் சக்கரம் சேற்றில் புதைந்திருக்கிறது. தள்ளிவிடுவதற்காக அண்ணன் இறங்கியிருக்கிறார். தள்ளிவிட்டு, "நீ மெதுவா போ, நான் நடந்து வாரேன்" என்றிருக்கிறார். ஆட்டோ வளைவுக்குப் போனபோதுதான் மண் வந்தது. டிரைவர் வெளியே பாய்ந்துவிட்டார், கால் மட்டும் முறிந்தது. அவரைத் தூக்கிக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு, ரோடு இல்லாததால் மலையைச் சுற்றி நடந்து வந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் முற்றத்துக்கு வந்து நின்று, "சின்னவனே" என்று கூப்பிட்டார்.

சின்னவன் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தான். அப்பாவைப் பார்த்தான். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டேய், அப்பா கூப்பிடுறேன்டா."

பிள்ளையின் உதடு துடித்தது. அசையவில்லை. மெதுவாக மூத்தவள் பக்கம் சாய்ந்து கேட்டான். "பேசலாமா?"

மூத்தவள் தாயைப் பார்த்தாள். அக்காவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அண்ணன் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் விளையாட்டாகச் சிரித்த மனிதர், அப்போதுதான் அது என்னவென்று பார்த்தார். மருந்துப் பை கையிலிருந்து நழுவியது. சேற்றிலேயே முழந்தாளிட்டு உட்கார்ந்தார்.

"பேசலாம்டா. நான் இருக்கேன்டா. வாடா."

சின்னவன் ஓடினான். மூத்தவளும் ஓடினாள். லயமே மறுபடியும் அழுதது. அக்கா மட்டும் உள்ளே போய்விட்டாள்.

அவள் விறகு அடுக்கிய மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பல் கிட்டிப் போய் உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. நான் அவள் தோளைப் பிடித்தேன். "அதான் வந்துட்டாரே அக்கா. இனி என்ன?"

"பயமா இருக்கு தங்கச்சி."

"அவருக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்காரு."

"அவர நெனச்சு இல்ல. என்னைய நெனச்சு." அவள் என் கையைப் பிடித்தாள். அன்றைக்குத்தான் அவள் கண் என் முகத்தில் நின்றது. "செத்துட்டாருன்னு சொன்னாங்க. எனக்கு அழுக வரல. வெறகு இருக்கு, அரிசி இருக்கு, எல்லா வேலையும் தெரியும், சமாளிச்சிறலாம்னுதான் தோணிச்சு. போதும்னு தோணிச்சு. அவரு இல்லாமலே போதும்னு. எப்படி தங்கச்சி எனக்கு அப்படித் தோணிச்சு?"

நான் மறு கையால் தோளில் கிடந்த பிள்ளையைத் தட்டிக்கொடுத்தேன்.

"எங்கப்பா அந்தச் சட்டிய வச்சிக்கிட்டு அழுதாரே, சோறு கருகிப் போச்சுன்னுதான் அழுதாருன்னு இத்தன வருசமா நெனச்சிருந்தேன்" என்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் பிள்ளைக்குப் பசி எடுத்துக் கத்தத் தொடங்கியும் அவள் என் கையை விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியில் யாரும் உட்காரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, அது அப்படியே நின்றுவிட்டது. மற்றபடி வீட்டில் ஒன்றும் மாறவில்லை. ஒரு நாள் அவர் ரொட்டி தட்டினார், ஒரு நாள் அவள். கேரம் போர்டுக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள், அவர் குடத்தோடு சிரித்துக்கொண்டு போனார்.

மார்கழியில் ஒரு நாள் பின்நேரம் மழை பிடித்தது. அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. அண்ணன் தூரத்து மலைக்குப் போயிருந்தார். நான் பிள்ளையோடு அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அடுப்புக்கு மேலே தகரம் விலகித் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சொட்டு பெரிதாகி, அடுப்புக் கல்லில் விழுந்து புகைந்தது. அக்கா ஒரு பேசினை எடுத்து வந்து அடியில் வைத்தாள். விறகைத் தள்ளிப் போட்டாள். மறுபடியும் வந்து உட்கார்ந்துகொண்டு பாதையைப் பார்த்தாள்.

"மழை கொஞ்சம் விட்டுச்சுக்கா. ஏறி ஒரு கல்லு வச்சா நின்னுருமே. ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்" என்றாள்.

எழுந்திருக்கவில்லை. பேசினில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கமாக அவர் வரும் நேரம் கடந்துவிட்டது. அவள் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"ஒழுகட்டும் தங்கச்சி. இதுக்காவது அவரு வரணும்."

அன்றைக்கு அவர் வர ஆறு மணியாகிவிட்டது. அதற்குள் நான்கு தடவை அவள் பேசினைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே ஊற்றிவிட்டு வந்து வைத்தாள். ஒவ்வொரு தடவையும் முற்றத்தில் நின்று பாதையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.